பிடிக்காத கவிதை

பிடிக்காத, புரியவும் புரியாத ஒரு கவிதையைக் காப்பாற்றி வைக்கும் கடமை நமக்கு உண்டா? சிநேகிதர் ஒருவர் தம் கவிதைகளை நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார். 'புரியவில்லை' என்று ஒரு கார்டு போட்டுவிட்டு நோட்டை மேஜை அறைக்குள் தள்ளினேன். இரண்டு வருஷம் ஆகிறது.

அதை நினைவுபடுத்தியவர் ஆங்கிலக் கவி ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ். 1868-ல் சேசு சபையில் சேருமுன் தம் கவிதைகளை எரித்தவர் அவர். பிறகு ஏழு வருஷம் அநேகமாக மௌனம். 1875-ல் 'டாய்ச்லாண்ட்' என்ற கப்பல் தரைதட்டி, ஐந்து கன்னிமார்கள் கடலில் மாண்டார்கள். யாராவது இதைப் பாடினால் தேவலை என்று மடத்துப் பெரியவர் சொன்ன ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. எழுதினார். சபைப் பத்திரிகையே அதைப் போடவில்லை.

காரணம் அந்த லயம். அசைகளை எண்ணாமல், அழுத்தம் விழும் இடங்களை மட்டும் எண்ணுகிற கணக்கு. குழந்தைப் பாட்டுகளிலேயே இது இருக்கிறது என்று அவர் சொன்னதை யார் கேட்டார்கள்? கண்ணால் படித்தபோது எனக்கும் கரடுமுரடாகத்தான் இருந்தது. ஒரு நாள் மொட்டைமாடியில் உரக்க வாசித்தேன். சொற்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தன, மூச்சு வாங்கிற்று. யாரைத் திட்டுகிறீர்கள் என்று கீழேயிருந்து மனைவி கேட்டாள். அன்றுதான் கவிதை காதில் விழுந்தது.

ஆனால் என்னைத் தொந்தரவு செய்கிறவர் ஹாப்கின்ஸ் அல்ல. அவருடைய ஆக்ஸ்போர்டு நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ். எத்தனை பணம் கொடுத்தாலும் அந்தக் கப்பல் கவிதையை மறுபடி படிக்கமாட்டேன் என்றவர் அவர். அப்படிச் சொன்ன மனுஷரே, வந்த கவிதைகளை ஆல்பத்தில் ஒட்டிவைத்தார். தம் கையாலேயே நகலும் எடுத்தார். 1889-ல் டப்ளினில் டைபாய்டு ஜுரத்தில் ஹாப்கின்ஸ் இறந்தபோது வயது 44. எனக்கும் அந்த வயசுதான். தொகை நூல்களில் சிலவற்றைச் சேர்த்துவிட்டு, 1918-ல்தான் பிரிட்ஜஸ் முழுப் புத்தகம் போட்டார். அதிலும் கவிஞரின் குற்றங்களைப் பட்டியல் போட்டே குறிப்பு எழுதினார். 750 பிரதிகள் விற்கப் பத்து வருஷம் பிடித்தது.

தாமதித்ததற்காக அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. திட்டலாம், ரசனைக் குறைவுதான். ஆனால் தம் ரசனையையே கடைசித் தீர்ப்பாக வைத்துக்கொண்டிருந்தால் அவர் அந்தக் காகிதங்களை அடுப்பில் போட்டிருப்பார். நான் மேஜை அறையில் போட்டேன். அதிக வித்தியாசமில்லை.

நேற்று நோட்டை எடுத்தேன். ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. வேறொரு நோட்டில் நகல் எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். மூன்று பக்கம் ஆயிற்று. இன்னும் புரியவில்லை.