குகைக்கு வந்த கடிதம்

ஒருவன் எழுதிய கதையில் படித்தவர் கை வைக்கலாமா என்பது பழைய வழக்கு. தொடர்கதை எழுதிப் பிழைக்கிற என் போன்றவர்களுக்கு அது வாரந்தோறும் விசாரணைக்கு வருகிற வழக்கு. "உங்கள் மங்களத்தைச் சாகடித்தால் பத்திரிகையையே நிறுத்திவிடுவோம்" என்று மிரட்டுகிறவர்கள் உண்டு. "போகிற போக்கில் அவளுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும்" என்று கெஞ்சுகிறவர்களும் உண்டு. இப்போது கடிதங்கள் குறைந்து செல்பேசியில் வருகின்றன. மிரட்டலும் கெஞ்சலும் மட்டும் மாறவில்லை.

பெரியவர்களே இதில் ஒரே வழி நின்றதில்லை. கானன் டாயில் 1893-ல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார். வாசகர்கள் விடவில்லை. பத்து வருஷம் கழித்து, 1903-ல், செத்தவனை எழுப்பிக் கூட்டி வந்தார். டிக்கன்ஸ் இன்னும் இளகிய மனசுக்காரர். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை முடித்துவிட்டு, 1861-ல், லிட்டன் என்ற நண்பர் சொன்னார் என்பதற்காகக் கடைசிப் பக்கங்களை மாற்றினார். பிரிந்து போகிறவர்களைச் சேருகிறவர்கள் போல ஆக்கினார். அவர் காலமான பிறகுதான் முதல் முடிவு வெளியே தெரிந்தது. இரண்டையும் படித்துப் பார்த்தால், என் அபிப்பிராயத்தில் முதல் முடிவுதான் உண்மை. இரண்டாவது நண்பருக்குக் கொடுத்த மரியாதை.

இந்த வழக்கை மிகவும் சிக்கலாக்கிவிட்ட ஒரு பிராணி பிறகு வந்து சேர்ந்தது. அதுதான் கம்ப்யூட்டரில் ஆடுகிற கதை. நாவலில் நான் கதாநாயகனை வடக்கே அனுப்பினால் நீங்களும் வடக்கே வந்துதான் ஆகவேண்டும். அந்த ஆட்டத்திலோ ஆடுகிறவர் 'தெற்கு' என்று தட்டினால் கதை தெற்கே போகிறது. நடந்தவருக்குக் கால் வலித்தால் சொல்லத்தானே செய்வார்? 'உமக்கென்ன ஐயா வந்தது' என்று அவரை அதட்டிவிட முடியாது.

இந்த ஜாதிக் கதைகளுக்கெல்லாம் மூதாதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் வில் க்ரௌதர் என்பவர் எழுதியது. அவர் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற ஆரம்பகால வேலையில் ஈடுபட்டிருந்தவர். ஓய்வு நேரத்தில் கென்டக்கி மாநிலத்திலுள்ள மம்மத் குகைக்குள் மனைவியோடு இறங்கி, தவழ்ந்து, அளந்து வருவார். மனைவி பட்ரீஷியா லேசுப்பட்டவர் அல்ல. இரண்டு பெரும் குகைகள் உள்ளுக்குள் ஒன்றோடொன்று சேருகின்றன என்பதை 1972-ல் கண்டுபிடித்த கோஷ்டியில் அவரும் ஒருவர். அளந்து வந்த கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடமாக்குவது கணவருக்குப் பிடித்த வேலை.

பிறகு அந்தக் குடும்பம் பிரிந்தது. இரண்டு பெண் குழந்தைகள். பிள்ளைகளை விட்டுப் பிரிந்திருக்கிற தகப்பன் என்ன செய்வான்? பொம்மை வாங்குவான், பலகாரம் வாங்குவான். இவர் 1975, 76-ஐ ஒட்டிய அந்த நாட்களில் ஒரு குகையைச் செய்தார். வரைபடம் இல்லை, படம் இல்லை, எல்லாம் எழுத்துத்தான். 'நீ ஒரு பாதையின் முடிவில் நிற்கிறாய்' என்பது போல ஆரம்பித்து, கம்ப்யூட்டர் பேசும். நாம் ஒன்றிரண்டு வார்த்தைகளில் பதில் சொல்ல வேண்டும். விளக்கை எடு, கிழக்கே போ, பறவையை விடு. கம்ப்யூட்டர் என்றால் பயப்படுகிறவர்களும் ஆட வேண்டும் என்பதற்காகவே பேச்சு வார்த்தைகளை வைத்தாராம். குள்ளர்களும் மந்திரச் சொல்லும் உண்டு. ஆனால் பொந்துகளும் தாழ்வாரங்களும் பெரும்பாலும் அவர் தவழ்ந்து பார்த்தவையே. எவ்வளவு உண்மை என்றால், இந்த ஆட்டத்தை ஆடியிருந்த ஒரு பெண்மணி, பின்னால் நிஜக் குகையின் அந்தப் பகுதிக்கு முதல் முறையாகப் போனபோது தாமே வழி கண்டுகொண்டாராம். என் நாவலைப் படித்துவிட்டு யாராவது எங்கள் ஊரில் ஒரு சந்தைக் கண்டுபிடித்தால், அன்றைக்கு நான் பாயசம் வைத்துச் சாப்பிடுவேன்.

இனிமேல்தான் கடிதம் வருகிறது. டான் வுட்ஸ் என்ற இளைஞர், ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தவர். 1976-ல் இந்த ஆட்டம் எப்படியோ அவர் கண்ணில் பட்டது. ஆடினார், ருசித்தார், குறைகளும் கண்டார். எழுதினவர் க்ரௌதர் என்று பெயர் தெரிகிறதே ஒழிய விலாசம் தெரியவில்லை. அப்போது வலையில் இணைந்திருந்த இடங்களுக்கெல்லாம் 'க்ரௌதர்' என்ற பெயருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் கூவினதுபோலத்தான். எங்கிருந்தோ பதில் வந்தது. நான் இதைத் திருத்தி விரிக்கலாமா என்று பையன் கேட்டிருந்தான்; தகப்பனார் மூலப் பிரதியையே அனுப்பிவிட்டார்.

எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கிறது. என் மகளுக்கென்று நான் சொன்ன கதையை, முன்பின் தெரியாத ஒருவன் கேட்டால், 'எடுத்துக்கொள், உன் இஷ்டம்போல் கட்டு' என்று தூக்கிக் கொடுப்பேனா? மாட்டேன். ஒரு முற்றத்தில் நான்கு பேருக்காகப் போட்ட கோலத்தின்மேல் வேறொருவர் வந்து தேர் வரைவதை எப்படிப் பொறுப்பது? ஆனாலும் க்ரௌதர் கொடுத்தார். வுட்ஸ் வரைந்தார். பொக்கிஷங்கள் பெருகின, காணிக்கை கேட்டுப் பாலத்தை மறிக்கிற பூதம் வந்தது, எரிமலைகூட வந்தது. கென்டக்கியில் எரிமலை ஏது? குகை அளந்தவருக்கு அது தெரியும். பையனுக்கு வேண்டியது ஆச்சரியம். 1977-ல் அந்த விரிந்த ஆட்டம் பரவியபோது, போன இடத்திலெல்லாம் இரண்டு வாரம் வேலை நின்றுபோயிற்று என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

டாயிலுக்கு வந்த கூச்சலுக்கும் இந்தக் கடிதத்துக்கும் உள்ள வேற்றுமையை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கூச்சல் போட்டவர்களுக்கு ஹோம்ஸ் வேண்டும். டாயில் என்ன நினைக்கிறார் என்பது வேண்டாம். வுட்ஸ் உள்ளே போனவர். எந்த வழி அடைபட்டிருக்கிறது, எங்கே இருட்டு அதிகம் என்று தெரிந்தவர். அதைவிட முக்கியம், கேட்டுவிட்டுத் தொட்டார். கையில் வசதி இருந்தும், எழுதினவனை ஊரெல்லாம் தேடி அனுமதி கேட்கிற பொறுமை எத்தனை பேருக்கு உண்டு?

எனக்கும் அப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது. ரயிலடியில் நாலு மணி நேரம் மகனுக்காகக் காத்திருக்கிற ஒரு தாயாரைப் பற்றி எழுதியிருந்தேன். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் எழுதினார்: "அந்த அம்மாளுக்குத் தண்ணீர் யார் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டே தூக்கம் வரவில்லை." கதையை மாற்று என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வாரம் ஒரு போர்ட்டர் பையன் கூஜாவோடு வந்தான். அதற்கப்புறம் அவனை அனுப்ப மனசில்லாமல் நாவல் முழுக்க வைத்துக்கொண்டேன்.

அப்படியானால் வாசகர் சொல்வதையெல்லாம் ஏற்பதா? மங்களத்தை நான் கொன்றேன். அவள் செத்தால்தான் அவள் கணவன் யார் என்று தெரியும். எத்தனை சந்தா போனாலும் அதில் மாற்றம் இல்லை. வழியைப் பற்றிச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன், துக்கம் என்னுடையது.

குகைக்கதை அதோடு நிற்கவில்லை. அதை ஆடி மயங்கிய ரோபர்ட்டா வில்லியம்ஸ் என்ற பெண்மணி 1980-ல் கணவரோடு சேர்ந்து சொந்தமாக ஒரு மர்மக்கதை ஆட்டம் செய்தார். 2023-ல் அந்தப் பழைய குகையையே படங்களோடு திரும்பக் கட்டினார். இவ்வளவு கை பட்ட பிறகு, க்ரௌதர் முதலில் எழுதியது போயே போய்விட்டது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2005-ல் அது அகப்பட்டது. எங்கே என்கிறீர்கள்? ஸ்டான்ஃபோர்டில் வுட்ஸின் பழைய மாணவர் கணக்கின் சேமிப்பில். திருத்தினவரின் பெட்டியிலேயே திருத்தப்படாத பிரதி அத்தனை வருஷமும் கிடந்திருக்கிறது. டென்னிஸ் ஜெர்ஸ் என்ற பேராசிரியர் அதை ஆராய்ந்து, குகையையும் நேரில் பார்த்து, 2007-ல் எழுதினார். அந்தப் பிரதியில் எரிமலை இல்லை.

முதன்முதலில் ஆடினவர்கள் என்ன சொன்னார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. குழந்தைகளுக்கு ரொம்ப வேடிக்கையாக இருந்தது என்று தகப்பனார் பின்னால் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.