படைக்கும் தேன் யாருடையது?

முருகனுக்குத் தேனும் தினைமாவும் படைக்கிறோம். தேனீ சேர்த்ததை எடுக்க நமக்கு உரிமை உண்டா? குலசைக்காரனான எனக்கு, குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம்தான் பதில் சொல்லுது.

1990களில் ‘தாய் சாக்புரூட்’ வைரஸ் வந்து, புழுக்கள் கூட்டுக்குள்ளேயே செத்தன. பெட்டி பெட்டியா காலி. பலர் தொழிலையே விட்டாங்க. சிலர் மட்டும் தப்பிய கூட்டங்களைப் பிரிச்சு, மறுபடி பெருக்கினாங்க. மேலடுக்குத் தேனை மட்டும் எடுப்பாங்க. கீழே புழு அறையில கை வைக்கமாட்டாங்க. பூ இல்லாத மழைக்காலத்துல சர்க்கரைப்பாகு வைப்பாங்க. தேனுக்குச் சர்க்கரை ஈடாகுமா? ஆகாதுதான். ஆனா கூட்டம் பிழைக்குது.

கூட்டை எரிச்சுப் புழுவோடு பிழிஞ்ச தேனைப் படைக்க எனக்கு மனசு வரல. அடுத்த சஷ்டிக்குத் தேன் வாங்கும்போது, “அண்ணாச்சி, இது எப்படி எடுத்தது?”ன்னு கேட்டுப் பாருங்க.