வர்ணம் சுரண்டிய வண்டி

மோட்டார் வண்டியின் மேலுள்ள வர்ணம், அதன் கீழுள்ள பிரைமர், அதற்கும் கீழே டிங்கர் அப்பி வைத்த பட்டி ஆகிய யாவற்றையும் சுரண்டியெடுத்துவிட்டு, வெறுந்தகட்டின்மேல் நிறமில்லாத கிளியர் கோட் மாத்திரம் அடித்து ஓட்டுகிற வழக்கம் ஒன்று மேல்நாடுகளில் உண்டு. அதன் படங்களைக் கைப்பேசியில் பார்த்து நம் வாலிபரும் ஆசைப்படுகிறார்கள். காரணம் கேட்டால், மறைக்க ஒன்றுமில்லை, உள்ளது உள்ளபடியே இருக்கட்டும் என்பார்கள். கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் மூடுவதெல்லாம் பொய்யா? திறந்து காட்டுவதெல்லாம் மெய்யா? இது வண்டிப் பட்டறையோடு முடிகிற கேள்வியல்ல. பங்கு மக்களின் வீட்டுக்குள்ளும் வருகிற கேள்வி.

முதலில் தகட்டின் சங்கதியைப் பார்ப்போம். இரும்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்தால் துருவாய்த் திரும்பும். அது அதன் சுபாவம். வர்ணம் அழகுக்கு மாத்திரம் பூசப்படுவதல்ல. பிரைமர் தகட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். துருவைத் தடுக்கும் மருந்தும் அதில் சேர்த்திருப்பார்கள். மேலே வரும் நிறத்தூள் வெயிலை உள்ளே விடாமல் தடுக்கும். கிளியர் கோட்டுக்கு இவ்விரண்டும் இல்லை. வழுவழுப்பான வெறுந்தகட்டின்மேல் அது நன்றாய்ப் பிடிப்பதுமில்லை. தொப்பூர் கணவாயில் ஏறும்போது ஒரு பொடிக்கல் தெறித்தால் போதும். அந்தப் புள்ளியிலிருந்து துரு புறப்பட்டு, பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் கோடு கோடாய்ப் பரவும். புது வண்டிகளின் தகட்டில் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சும் உண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவன் அதையும் தேய்த்து எடுத்துவிடுகிறான். இன்னுமொன்று: அப்படித் தேய்த்த வண்டியில் நாம் பார்க்கிற மினுக்கம் தகட்டின் இயற்கையா? அல்லவே. அது உப்புத்தாளின் வரி, கிரைண்டரின் சுழி. உள்ளபடி என்கிற அந்தத் தோற்றத்தையும் ஒருவன் நாட்கணக்காய்ப் பாடுபட்டு உண்டாக்கவேண்டியிருக்கிறது.

வர்ணம் சுரண்டிய வண்டிகளில் உலகப் பிரசித்தம் பெற்றது ஜெர்மானிய மெர்சிடிஸ் பந்தய வண்டி. 1934-ம் ஆண்டு நூர்பர்க்ரிங் மைதானத்தில் பந்தயத்துக்கு முன் எடை போட்டபோது, அனுமதித்த 750 கிலோவுக்கு மேல் ஒரு கிலோ கூடிவிட்டதாம். இராவோடு இராவாய் வெள்ளை வர்ணத்தைச் சுரண்டிவிட, அலுமினியத் தகடு வெள்ளியாய்ப் பளபளத்ததாம். அதிலிருந்தே அந்த வண்டிகளுக்கு வெள்ளி அம்புகள் என்று பெயர் வந்ததாம். இப்படிச் சொன்னவர் அப்பந்தயக் குழுவின் தலைவர் ஆல்பிரட் நாய்பாவர். சொன்னது இருபது ஆண்டுக்கும் மேல் கழித்து. அந்தப் பந்தயத்தில் எடைக் கட்டுப்பாடே இல்லை என்று பிற்காலச் சரித்திரக்காரர் எடுத்துக்காட்டி, கதையைச் சந்தேகிக்கிறார்கள். வர்ணம் சுரண்டிய கதைக்கே யாரோ வர்ணம் பூசியிருக்கிறார்கள் போலும்!

பூச்சில்லாமல் வெகுகாலம் நிலைத்த இரும்பும் இல்லாமலில்லை. டில்லியில் குதுப் மினார் அருகே நிற்கும் இரும்புத் தூண் ஏறக்குறைய 1600 ஆண்டுகளாய் மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. உயரம் 7 மீட்டருக்குச் சற்று அதிகம். எடை 6 டன்னுக்கு மேல். கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் அதை ஆராய்ந்து 2000-ம் ஆண்டில் காரணத்தை வெளியிட்டார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனாலே மேற்பரப்பில் மெல்லிய படலம் தானே உண்டாகித் தூணைக் காக்கிறது. நமக்குப் பக்கத்துச் சேலம் உருக்காலையில் உருவாகும் எவர்சில்வர் தகடும் அப்படியே. அதில் கலந்திருக்கும் குரோமியம் காற்றுப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகிறது. கீறினாலும் மறுபடி தானே மூடிக்கொள்கிறது. வர்ணமே பூசாமல் எவர்சில்வர் தகட்டில் செய்த டிலோரியன் என்னும் காரை 1981 முதல் வட அயர்லாந்தில் கட்டினார்கள். ஆக, நிலைத்து நிற்கிற இரும்பு எதுவும் நிர்வாணமாய் நிற்கவில்லை. உள்ளிருந்து வந்த ஆடையை உடுத்தி நிற்கிறது. தேவ இஷ்டப்பிரசாதம் ஆத்துமத்தின்மேல் போர்த்திய போர்வை மாத்திரமல்ல, உள்ளான மனிதனையே புதுப்பிக்கிறது என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1547-ல் போதித்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இனி மனிதன் சங்கதி. ஆதித் தாய்தந்தையர் பாவஞ் செய்தபின் அத்தியிலையைத் தைத்து உடுத்தி மரங்களுக்குள் ஒளிந்துகொண்டார்கள். சர்வேசுரனோ அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, குற்றத்தை வாயால் சொல்லவைத்து, அதன்பின் தாமே தோலாடை செய்து உடுத்தினார். இவ்விரண்டு ஆடைக்குமுள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். முந்தினது, பார்க்கவேண்டியவர் பார்க்கக்கூடாதென்று செய்தது. பிந்தினது, எல்லாம் பார்த்துவிட்டவர் இரங்கிக் கொடுத்தது. ஆகையால் மூடுவதா திறப்பதா என்று கேட்பது போதாது. யாரிடமிருந்து, எதற்காக என்று கேட்கவேண்டும்.

நம் ஊர்களில் சிலர், நான் வெட்டு ஒன்று துண்டு இரண்டு பேர்வழி, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டேன் என்று மார்தட்டுவார்கள். மருமகளின் குறையைப் பந்தியிலே சொல்வார்கள். தம்பியின் கடனைத் தெருவிலே சொல்வார்கள். சொன்னது மெய்தான். ஆனாலும் பிறர் மறைவான குற்றத்தைத் தகுந்த நியாயமின்றி வெளியிடுவது, அது மெய்யாயிருந்தாலும் பாவமே என்று திருச்சபை படிப்பிக்கிறது. உண்மை பேசுதலை ஒரு புண்ணியமாக வைத்துப் பேசுகிற அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், தற்பெருமையை அதற்கு விரோதமான குற்றமாய் வைத்திருக்கிறார். தன் குறைகளைத் தானே பறைசாற்றுவதும் சில சமயம் தற்பெருமைதான். தங்களைத் தாழ்த்திப் பேசிப் பிறர் மறுத்துப் புகழக் காத்திருப்பவர்களை அர்ச். பிராஞ்சிஸ்கு சலேசியார் நன்றாய் அறிந்திருந்தார். ஒன்றும் மிச்சமில்லாமல் சுரண்டிக் காட்டவேண்டிய இடம் பாவசங்கீர்த்தனத் தொட்டி. அங்கே கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியிடக்கூடாது.

அப்படியானால் பட்டி வைத்து மூடி விற்பதும் தர்மமா என்று கேட்பீர்கள். அல்ல. அடிபட்டு நெளிந்த வண்டியை டிங்கரிங் பார்த்து, விரற்கடை கனத்துக்குப் பட்டி அப்பி, பளபளவென்று வர்ணம் அடித்து, அடிபடாத வண்டி என்று விற்பவர்கள் உண்டு. (வாங்குகிறவர்கள் ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோங்கள், பட்டி கனமாயுள்ள இடத்தில் அது ஒட்டாது.) அர்ச். தோமாஸ் இதற்கும் முறை சொல்லியிருக்கிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் அது பார்க்கிறவனுக்குத் தெரியும். விலையை நியாயமாய்க் குறைத்திருந்தால் விற்கிறவன் வாய்திறந்து சொல்லக் கடமையில்லை. வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ விளைவிக்கும் மறைந்த குறையென்றால், கேளாமலே சொல்லவேண்டும். சொல்லாமல் விற்றவன் நஷ்டத்தை ஈடுசெய்யவேண்டும். நெளிந்த சேசிஸ் மறைந்த குறை. அதில் பிள்ளைகுட்டிகளோடு ஒரு குடும்பம் ஏறிப் போகிறது.

கலியாணப் பேச்சில் இம்முறை இன்னும் கண்டிப்பானது. மாப்பிள்ளையின் குடியை, பெண்ணின் தீராத வியாதியை, முந்திய கலியாணத்தை மறைத்து ஓலை வாசிக்க வைக்கிறவர்கள், ஊர் வாய்க்குப் பயந்து மூடினோம் என்பார்கள். 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1098-ம் விதி என்ன சொல்கிறது? சம்மதம் வாங்கவேண்டுமென்றே வஞ்சித்து மறைத்த குணமோ நிலைமையோ, தம்பதிகளின் வாழ்வைத் தன் தன்மையாலேயே கடுமையாய்க் குலைக்கக்கூடியதானால், அந்தத் திருமணமே செல்லாது. முந்திய துணை உயிரோடிருந்து அந்தத் திருமணக் கட்டு நீங்காதிருந்தால், மறைத்தாலும் மறைக்காவிட்டாலும் செல்லாது. இதற்கெதிராக, பெண்ணின் தகப்பனார் இருபது வருஷத்துக்கு முன் ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டார் என்பதைத் தேடித் திரிந்து சம்பந்தி வீட்டில் சொல்ல எவருக்கும் கடமையில்லை. அது அந்தப் பெண்ணின் குறையுமல்ல, வரப்போகும் குடித்தனத்துக்குச் சேதமுமல்ல. மனச்சாட்சிக்கு இரண்டின் நடுவே சந்தேகம் வந்தால் ஓலைக்கு முன்பே பங்குச் சுவாமியாரிடம் கேட்கலாம்.

வாலிபருக்கு ஒரு செய்தி. வண்டியின் நிறம் பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சுரண்டித்தான் தீருவேன் என்கிறவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து அதை மாற்றி எழுதிக்கொள்ளவேண்டும். புது வர்ணத்துக்கு உண்டான விதிதான் வர்ணமின்மைக்கும்.