படபடக்கும் நெஞ்சமும் பார்த்தஸாரதியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உபந்யாஸம் முடிந்து, தீர்த்தமும் திருத்துழாயும் ப்ரஸாதித்தாகி, கோஷ்டி கலையும் வேளையில் சிலர் மட்டும் ஒதுங்கி நிற்பதுண்டு. மற்றவர்கள் சென்றபின் அருகில் வந்து தாழ்ந்த குரலில் விண்ணப்பிப்பார்கள்: “ஸ்வாமி, காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். ஆனாலும் பயம் விடுவதில்லை. எம்பெருமான் திருவடியில் பரத்தை வைத்துவிட்டவனுக்கு இப்படிப் பயம் வரலாமா? அடியேனுக்கு விச்வாஸம் போதவில்லையோ?” மயிலையில் கேட்டிருக்கிறோம், அடையாற்றில் கேட்டிருக்கிறோம், கடல் கடந்து வாழும் அடியார்களிடமிருந்தும் கேட்டிருக்கிறோம். படபடப்பு ஒரு நோவு. “விச்வாஸம் போதவில்லையோ” என்பது அதன்மேல் விழும் இரண்டாவது நோவு. முதலாவதை வைத்தியர் பார்க்கட்டும். இரண்டாவதை நம் பூர்வாசாரியர்கள் காட்டிய வழியில் இங்கே சிந்திப்போம்.

இதைப் பேச நாம் துணிவது, நாமும் அந்த வழியே நடந்தவர்கள் என்பதனால்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. தியாகராய நகர் வேங்கடநாராயண சாலையில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் திருக்கோயிலில் நெடுநேரம் வரிசையில் நின்று ஸேவித்துத் திருமாளிகை திரும்பினோம். நள்ளிரவில் விழிப்பு வந்தது. நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு தவறியது போலவும், அடுத்த துடிப்பு உள்ளிருந்து ஓங்கி இடித்தது போலவும் இருந்தது. அதன்பின் குதிரை ஓட்டம். கை தானாக நாடியைத் தேடியது. திருநாமம் சொல்ல வாயெடுத்தோம்; நா வறண்டு எழவில்லை. “எத்தனை ஆண்டுகள் பிறருக்குச் சரணாகதியின் பெருமையைச் சொன்னோம்! நமக்கென்று வந்தபோது இதுதானா நம் நிலை?” என்ற வெட்கம் அந்தப் படபடப்பைவிட அதிகமாகச் சுட்டது.

பொழுது விடிந்தவுடன் வைத்தியரிடம் சென்றோம். எல்லோருக்கும் நாம் முதலில் சொல்வதும் அதுவே. இவ்வுடல் எம்பெருமானுக்குச் சேஷமான வஸ்து. அதைப் பேணுவது கைங்கர்யத்தில் சேர்ந்தது. வைத்தியரைப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவு என்று எண்ணுவது தவறு. ஓய்ந்திருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை வரை துடிக்கும் இதயம், ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அவற்றுள் சில முன்னதாக வந்துவிடுவது நல்ல உடம்பிலும் உண்டு. முன்னதாக வந்த துடிப்புக்குப்பின் ஒரு சிறு இடைவெளி. அதற்கடுத்த துடிப்பு சற்றுப் பலமாக இருக்கும். நெஞ்சு நின்று இடித்தது போல் தோன்றுவது பெரும்பாலும் இதுவே. இரத்தசோகை, தைராய்டு மிகுதி, காய்ச்சல், தூக்கக்குறைவு, மூன்றாவது நான்காவது டம்ளர் டிகிரி காபி ஆகியவையும் படபடப்பைத் தரும். சர்க்கரைக்கு மருந்து உட்கொள்பவர் ஏகாதசியன்று உபவாஸம் இருந்தால் சர்க்கரை இறங்கியும் படபடக்கும். அத்தகையோர் வைத்தியரைக் கேட்டு, ஆசாரியனிடமும் விண்ணப்பித்து, உபவாஸத்தைத் தளர்த்திக்கொள்வதில் குற்றமில்லை.

ஈஸிஜி என்பது சில விநாடிகளின் பதிவே. ஆகவே 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பிலேயே பொருத்தி வைக்கும் ஹோல்டர் கருவியையும் வைத்தியர் சொல்லலாம். படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும், குடும்பத்தில் இளவயதில் திடீரென்று பரமபதித்தவர் இருந்தாலும், “மனப்பிரமை” என்று தள்ளிவிடலாகாது. நெஞ்சுவலியோ மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் விடியும்வரை காத்திராமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். நமக்குச் சோதனைகள் எல்லாம் ஆனபின், இதயம் நன்றாக இருக்கிறது, பயம்தான் அதை ஓட்டுகிறது என்று தெரிந்தது. ஒரு துடிப்பு உணரப்படுகிறது, மனம் அஞ்சுகிறது, அச்சத்தால் அட்ரினலின் சுரக்கிறது, அதனால் துடிப்பு விரைகிறது, விரைவைக் கண்டு மனம் மேலும் அஞ்சுகிறது. இந்தச் சுழலில் சிக்கியவன் கோழையல்லன். உடம்பின் இயல்பு அது.

இது இன்று புதிதாக வந்ததும் அன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட சிப்பாய்கள் பலர் படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சிரைப்பு என்று வந்தபோது, பிலடெல்பியாவைச் சேர்ந்த டகோஸ்டா என்ற வைத்தியர் அவர்களை ஆராய்ந்து, 300 பேருக்கு மேற்பட்டோரைப் பற்றி 1871இல் எழுதினார். பலருடைய இதயத்தில் அவரால் ஒரு பழுதையும் காண இயலவில்லை. ‘போர்வீரனின் இதயம்’ என்ற பெயரே அந்நோவுக்கு வழங்கலாயிற்று. அஞ்சாமை பயின்றவர்களுக்கே இது வந்தது என்பதை அடியார்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் பெரியோர்களோ இதைவிடப் பழைய போர்வீரன் ஒருவனை அறிவார்கள். குருக்ஷேத்திரத்தில் இரு சேனைகளுக்கும் நடுவே தேர் நின்றபோது, அர்ஜுனன் தன் உடம்புக்கு நேர்ந்ததைத் தானே வரிசையாகச் சொல்கிறான். அங்கங்கள் தளர்கின்றன, வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, மயிர்க்கூச்செறிகிறது, காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது, தோல் எரிகிறது, நிற்க முடியவில்லை, மனம் சுழல்கிறது. இன்று வைத்தியரிடம் செல்பவர் சொல்வதும் ஏறத்தாழ இந்தப் பட்டியலே. இப்படி நடுங்கியவன் யார்? கண்ணனுக்கு உயிர்த்தோழன், கண்ணனையே தேர்த்தட்டில் முன்னே வைத்துக்கொண்டிருந்தவன். எம்பெருமான் எதிரிலேயே இருந்தும் நடுக்கம் வந்தது. ஆகையால் நடுக்கம் வந்தது என்பதைக் கொண்டு எம்பெருமான் இல்லை என்றோ, நாம் அவனுக்கு ஆகாதவர்கள் என்றோ முடிவு கட்டுவது பொருந்தாது.

கண்ணன் முதலில் இதய தௌர்பல்யத்தை விடு என்று கடிந்துகொண்டதும் உண்மைதான். கடிந்தவன் தேரை விட்டு இறங்கவில்லை; கடிவாளக் கயிற்றைக் கீழே போடவும் இல்லை. அர்ஜுனன் தன் கார்ப்பண்யத்தை வெளியிட்டு, “நான் உன் சிஷ்யன், சரணடைந்தேன்” என்ற கருத்தில் பேசியபின்னரே உபதேசம் பிறந்தது. இங்கே நம் ஸம்ப்ரதாயத்தின் ஒரு நுட்பத்தை நோக்க வேண்டும். சரணாகதிக்கு அங்கங்கள் ஐந்து: ஆநுகூல்ய ஸங்கல்பம், ப்ராதிகூல்ய வர்ஜனம், மஹாவிச்வாஸம், கோப்த்ருத்வ வரணம், கார்ப்பண்யம். கைமுதல் இல்லாதவன் என்று தன்னை உணர்வதும் அங்கமாகவே எண்ணப்பட்டிருக்கிறது. மஹாவிச்வாஸம் என்பது, “அவன் ரக்ஷிப்பான்” என்ற புத்தியின் துணிவு. “என் நாடி விரையாது” என்பது அதன் பொருளன்று. நள்ளிரவில் வாய் உலர்ந்து, “என்னால் ஆவது ஒன்றுமில்லை” என்று கிடப்பவன் மஹாவிச்வாஸத்தை இழந்துவிடவில்லை. கார்ப்பண்யத்தை உடம்பாலேயே அனுபவித்துக்கொண்டிருக்கிறான். பரந்யாஸம் ஆனபின்னும் ப்ராரப்த சரீரம் அதன் காலம் வரை தொடர்கிறது. அதில் பசியும் தாகமும் தொடர்வது போலவே பயமும் தொடரக்கூடும்.

ஆழ்வார்களின் திருவுள்ளமும் அஞ்சியதுண்டு. கருடன்மேல் எழுந்தருளிய எம்பெருமானைக் கண்டவுடன் பெரியாழ்வாருக்கு, “இவ்வழகுக்கு என்ன தீங்கு வருமோ” என்று பரிவு பொங்கியது. அதிலிருந்து பிறந்தது திருப்பல்லாண்டு. அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சும் இதனை நம் பெரியோர்கள் ‘அஸ்தானே பயசங்கை’ என்றே சொல்லிக் கொண்டாடுவர். கரன் முதலான பதினாலாயிரம் அரக்கரை இராமபிரான் தனியே எதிர்கொண்டான் என்று ஸ்ரீராமாயணம் கேட்டுக்கொண்டிருந்த குலசேகரர், அது முன்னொரு காலத்துக் கதை என்பதையும் மறந்து, தம் சேனையைத் துணைக்குப் புறப்படச் செய்தார் என்பர். அவர்கள் அஞ்சியது அவனுக்காக. நாம் அஞ்சுவது நமக்காக. இந்த வேறுபாடு பெரிது. ஆயினும் அஞ்சும் நெஞ்சு ஒன்றுதான். அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே கேள்வி. அவ்விரவில் நாடியை எண்ணிக்கொண்டிருந்த விரல்களால் பின்னொரு நாள் திருநாமத்தை எண்ணப் பழகினோம். துடிப்பு உடனே நின்றுவிடவில்லை. ஆனால் அதைக் காவல் காக்கும் வேலையிலிருந்து மனம் மெல்ல ஓய்வு பெற்றது.

இனி, அடியார்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் பயம் ஒன்றுண்டு. “தனியாகப் படுத்திருக்கும்போது நெஞ்சு நின்றுவிட்டால்? அந்திம ஸ்ம்ருதி இல்லாமல், திருநாமம் சொல்லாமல் போய்விட்டால்?” பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மயிலையிலும் தியாகராய நகரிலும் அடுக்ககங்களில் தனித்திருக்கும் வயோதிகர்களை இரவில் வருத்துவது இதுவே. இதற்கு விடையை எம்பெருமான் வராஹனாக இருந்தபோதே பூமிப்பிராட்டிக்கு அருளிவிட்டான். உடலும் மனமும் நல்ல நிலையில் இருந்தபோது ஒருவன் தன்னை நினைத்திருந்தால் போதும். கடைசியில் அவன் கட்டையும் கல்லும் போலக் கிடக்கும்போது அவனை நினைக்கும் பொறுப்பு தன்னுடையது என்பது வராஹ சரமச்லோகத்தின் திரண்ட பொருள். பெரியாழ்வாரும், இளைத்துக் கிடக்கும் அந்த வேளையில் தம்மால் நினைக்க இயலாது போகலாம் என்று, முன்கூட்டியே அரங்கனிடம் விண்ணப்பித்து வைத்தார். நினைவு நம் பொறுப்பாக இருந்தால் ஒவ்வொரு துடிப்பும் பரீக்ஷைதான். அது அவன் பொறுப்பாகிவிட்டபின், உறங்குவதற்கு நமக்குத் தடையேது? சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்பவர்கள் திருவிடவெந்தையில் இறங்கி, அகிலவல்லி நாச்சியாரை ஏந்திய ஞானப்பிரானை ஸேவிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

மயிலையில், ஐப்பசிச் சதயத்தில், செவ்வல்லி மலரில் அவதரித்தவர் பேயாழ்வார். அவரும் பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் திருக்கோவலூரில் ஒரு மழையிரவில் சந்தித்த வரலாறு நாம் அறிந்ததே. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுள்ள இடைகழி. வெளியே மழை, உள்ளே இருள். அப்போது காரணம் தெரியாமல் ஒரு நெருக்கம் உண்டாயிற்று. யார் நெருக்குகிறார் என்று விளங்கவில்லை. முதலாழ்வார்கள் இருவர் பாசுரங்களால் விளக்கேற்ற, நெருக்கியவனை நம் மயிலை ஆழ்வார் கண்டார். நள்ளிரவில் நெஞ்சில் நெருக்கம் தோன்றும்போது இந்த இடைகழியை நினைக்கலாம். நெஞ்சின் நோவெல்லாம் எம்பெருமான் செயல் என்று நாம் சொல்ல வரவில்லை. நோவுக்கு வைத்தியம் உண்டு. ஆனால் அந்த இருளில் நாம் தனியாக இல்லை என்பது உறுதி. ஹ்ருதய கமலத்தில் அந்தர்யாமியாக அவன் வீற்றிருப்பதை உபநிஷத்து சொல்கிறது. துடிப்பு விரையும்போதும் அவன் இடம் பெயர்வதில்லை.

படபடப்பு வந்தால் செய்ய வேண்டியவை எளியவை. எழுந்து அமருங்கள். மூச்சை உள்ளிழுத்ததைவிட வெளிவிடுவதை நீளமாக்குங்கள். நாடியைத் திரும்பத் திரும்பப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வெளிமூச்சிலும் ஒரு திருநாமம் போதும். த்வயத்தை அநுஸந்திப்பவர்கள் அவசரமின்றி அநுஸந்திக்கலாம். அகத்தில் உள்ளவரை எழுப்பத் தயங்க வேண்டாம். பயம் நாள்தோறும் வாட்டினால் மனநல வைத்தியரிடம் செல்வதில் இழுக்கில்லை. எழுதிக் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். அகத்தில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: “எல்லாம் பிரமை, பெருமாளை நினைத்துப் படு” என்று சொல்லாதீர்கள். அருகில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவே பாகவத கைங்கர்யம்.

நிறைவாக, திருவல்லிக்கேணிக்குச் செல்வோம். பேயாழ்வாரும் திருமழிசைப்பிரானும் திருமங்கைமன்னனும் மங்களாசாஸனம் செய்த அத்திருக்கோயிலில், மூலவர் வேங்கடகிருஷ்ணன் ஆயுதம் எடேன் என்ற வாக்கின்படி திருவாழியின்றி, சங்கு மட்டும் ஏந்தி நிற்கிறான். உத்ஸவர் பார்த்தஸாரதியின் திருமுகத்தில் பீஷ்மரின் அம்புகள் பட்ட வடுக்களை இன்றும் ஸேவிக்கலாம். ஸாரதி முன்னே அமர்பவன். ஆகையால் தேரில் இருப்பவனுக்கு வரும் அம்பு முதலில் அவன்மேல் படுகிறது. பின்னே அமர்ந்திருந்தவனோ நடுங்கியவன். நடுங்கியவனுக்காக முகத்தில் வடு ஏற்றவன், அவன் நடுங்கினான் என்பதற்காக அவனைக் கைவிடுவானோ? அடுத்த முறை நெஞ்சு படபடக்கும்போது அந்தத் திருமுகத்தை நினைப்போம். கடிவாளம் அவன் கையில் இருக்கிறது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்