பெரிய பிள்ளைக்கு வண்டி எதற்கு?

ஸ்ட்ரோலரில் உட்கார்ந்திருக்கும் பெரிய பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது அதன் கால்கள்தான். முகத்தைத் தொப்பியால் மறைக்கலாம், மேல் கூடாரத்தை இழுத்துவிடலாம். கால்களை என்ன செய்வது? மிதிபலகையில் வைத்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. தொங்கவிட்டால் ஷூ நுனி தரையில் உரசுகிறது. ஃப்ளோரிடாவில், ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இப்படிப்பட்ட கால்களை நிறையப் பார்க்கலாம். ஆறு வயதுக் கால்கள், ஏழு வயதுக் கால்கள், எட்டும் இருக்கும். அவற்றைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. இவ்வளவு பெரிய பையனைத் தள்ளிக்கொண்டு போகிறார்களே என்று எந்த நாட்டுக்காரர் நினைத்தாலும் முகம் ஒரே மாதிரிதான் போகிறது.

எங்கள் வீட்டில் இந்த வழக்கு பயணத்துக்கு முந்தின இரவே தொடங்கிவிட்டது. பேரனுக்கு ஏழு வயது. மருமகள் ஸ்ட்ரோலர் வாடகைக்குச் சொல்லிவிட்டாள் என்று தெரிந்ததும் மகனுக்குப் பொறுக்கவில்லை. "ஏழு வயசுப் பையனுக்கு வண்டியா? நான் இந்த வயசுல டவுன்லருந்து ஜங்ஷன் வரைக்கும் நடந்தே போவேன், தெரியுமா?" என்றான்.

"அத்தை, நீங்களே சொல்லுங்க" என்று அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, நீ எங்க நடந்த? அப்பா சைக்கிள் பார்ல துண்டை மடிச்சுப் போட்டு உன்னை உக்கார வெச்சுல்லா கூட்டிட்டுப் போவாக? நாலாங்கிளாஸ் படிக்கிற வரைக்கும் அந்தத் துண்டு சைக்கிள்லயேதான கெடந்துச்சு?" என்றேன்.

பேரன் சிரித்துவிட்டான். மகன் எழுந்து போய்விட்டான்.

திருநெல்வேலியில் அந்தக் காலத்துப் பிள்ளைகள் நடக்காமல் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள், கோயிலுக்கு நடந்தார்கள், வெயிலில் நாள் முழுக்க ஓடி விளையாடினார்கள். ஆனால் களைத்தபோது திண்ணை இருந்தது, யார் வீட்டுத் தண்ணீரும் கிடைத்தது, எப்போது வேண்டுமானாலும் ஆட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம். தூரம் அதிகமானால் அப்பாவின் சைக்கிளோ, மாமாவின் தோளோ, மாட்டுவண்டியின் பின்பலகையோ இருந்தது. நாங்களெல்லாம் நடந்தே வளர்ந்தோம் என்று சொல்கிறவர்கள் தங்களைச் சுமந்த சைக்கிளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இடத்தின் அளவையும் சொல்ல வேண்டும். 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட அந்த டிஸ்னி வளாகம் சுமார் 100 சதுர கிலோமீட்டர். அதற்குள் நான்கு தனித்தனிப் பூங்காக்கள். அவற்றில் ஒன்றான மேஜிக் கிங்டம் போவதற்குக் காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, ஒரு பெரிய ஏரியை மோனோரயிலிலோ படகிலோ கடக்க வேண்டும். பூங்கா வாசலைத் தொடுவதற்குள்ளேயே ஒரு பயணம் முடிந்துவிடுகிறது. எப்காட் என்ற இன்னொரு பூங்காவில் 11 நாடுகளின் அரங்குகள் ஒரு நீர்நிலையைச் சுற்றி நிற்கின்றன. அந்த ஒரு சுற்று மட்டுமே கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். எல்லாம் சேர்த்தால் ஒரு நாளில் 10 கிலோமீட்டரைத் தாண்டுவது அங்கே சாதாரணம். அது பெரியவர்களின் கணக்கு. அதே தூரத்துக்குக் குட்டிக் கால்கள் கூடுதலாக எத்தனையோ அடி எடுத்து வைக்க வேண்டும். உடல் எடைக்கு எடை பார்த்தால், நடப்பதற்குப் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே அதிகச் சக்தி செலவாகிறது. கோடையில் 33 டிகிரி வெயில், உடம்போடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம், பிற்பகலில் இடியோடு மழை. பாளையங்கோட்டை வெயிலில் வளர்ந்த எனக்கே மதியத்துக்குமேல் நிழல் தேடத் தோன்றியது.

இன்னொன்று, முகம் சுளிக்கிறவர்கள் கவனிக்காதது. ஸ்ட்ரோலர் ரைடு வரிசைக்குள் போகாது. ஒவ்வொரு ரைடுக்கு வெளியிலும் அதற்கென்று நிறுத்துமிடம் உண்டு. அங்கே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே முக்கால் மணியோ ஒரு மணியோ, பிள்ளை தன் காலில்தான் நிற்கிறது. நிற்பது நடப்பதைவிட மோசம் என்பது ரேஷன் கடை வரிசையில் நின்ற எவருக்கும் தெரியும். ஆக நாள் முழுக்க அது உட்கார்ந்தே வருகிறது என்பது பொய். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையில்தான் அந்தச் சக்கரம் உதவுகிறது.

அந்த நிறுத்துமிடம் தனி வேடிக்கை. நூற்றுக்கணக்கான வண்டிகள், பாதிக்குமேல் ஒரே நிறம், ஒரே வடிவம். நாம் உள்ளே போய் வருவதற்குள் ஊழியர்கள் அவற்றை நெருக்கி அடுக்கி இடம் மாற்றியிருப்பார்கள். வெளியே வருகிற அப்பாக்கள் கல்யாண மண்டப வாசலில் செருப்புத் தேடுகிறவர்கள் போலக் குனிந்து குனிந்து தேடுகிறார்கள். மருமகள் கைப்பிடியில் மஞ்சள் துப்பட்டா ஒன்றை முடிந்து வைத்திருந்ததால் எங்களுக்கு அந்தப் பாடு இல்லை.

பூங்காவின் கணக்குகளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 3 வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. 10 வயது ஆகிவிட்டால் பெரியவர் டிக்கெட். ஸ்பேஸ் மவுன்டன் என்ற இருட்டு ரோலர் கோஸ்டரில் ஏற 44 அங்குல உயரம் வேண்டும். அளவுகோலுக்குக் கீழே நிமிர்ந்து நின்று, தேறிவிட்டோம் என்று குதித்துக்கொண்டு உள்ளே போன பையன், வெளியே வந்ததும் ஸ்ட்ரோலரில் சாய்கிறான். அதில் முரண் ஒன்றும் இல்லை. தைரியம் வேறு, தொடைச் சதையின் பலம் வேறு. பூங்கா வாடகைக்குத் தரும் ஒற்றை வண்டிக்கு வைத்திருக்கும் வரம்பு 50 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 23 கிலோ. எடையைத்தான் கேட்கிறார்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளில் பலர் அதற்குள் அடங்கிவிடுவார்கள்.

அமெரிக்காவுக்குப் போய்வந்த என் வயதுக்காரர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நம்மூரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்களில் எத்தனை பேர் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்கிறோம்! தினமும் மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் கூடை நிறையக் காய்கறி தூக்கி வருகிறவர்கள்தான். பாஷை தெரியாத இடத்தில் வாயில் எண் தேடி அலைய வேண்டாம், குடியேற்ற வரிசையில் நிற்க வேண்டாம், கூடவே ஓர் ஆள் வருவார் என்று மகன்கள் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்து போனேன். தள்ளிக்கொண்டு வந்த பையன் என் வயதையும் கேட்கவில்லை, மூட்டையும் சோதிக்கவில்லை. டிஸ்னியில் மின்சார ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துச் சுற்றுகிற பெரியவர்கள் ஏராளம். அவர்களைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்துவதில்லை. அறுபது வயதுக் கால் வலித்தால் பாவம் என்கிறோம். ஆறு வயதுக் கால் வலித்தால் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்கிறோம்.

சில பிள்ளைகளுக்கு வண்டி வசதிப் பொருளே அல்ல. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கூட்டமும் சத்தமும் தாங்காதபோது ஒளிந்துகொள்ள அந்தக் கூடாரம்தான் இடம். தசை பலவீனமோ இதய நோயோ உள்ள பிள்ளை வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாகவே தெரியும். இப்படிப்பட்டவர்களின் ஸ்ட்ரோலரைச் சக்கர நாற்காலியாகக் கருதி வரிசைக்குள்ளும் விட டிஸ்னியே ஓர் அடையாள அட்டை தந்து கட்டச் சொல்கிறது. அந்த அட்டையைத் தேடிப் பார்த்துவிட்டா நாம் முகம் சுளிக்கிறோம்? பிள்ளையின் நோயை முன்பின் தெரியாதவர்களிடம் விளக்கிச் சொல்ல எந்தத் தாய்க்கும் கடமை இல்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஸ்ட்ரோலரில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்குமேல் கட்டி வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக உடலசைய வேண்டும் என்பதும் அவர்கள் அறிவுரைதான். டிஸ்னியில் ஒரு பிள்ளை இந்த 60 நிமிடத்தைக் காலைப் பலகாரம் செரிப்பதற்குள் முடித்துவிடும். கவலைப்பட வேண்டிய இடம் ஊரில் இருக்கிறது. காரிலிருந்து இறங்கி சூப்பர் மார்க்கெட்டுக்குள் போகவும் ஏழு வயதுப் பிள்ளைக்கு வண்டி வேண்டும் என்றால், அதை நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். வண்டியில் உட்கார்த்திக் கையில் போனைக் கொடுத்து, பக்கத்தில் பாட்டும் ஆட்டமுமாக ஊர்வலம் போகும்போது திரையைப் பார்க்க விடுகிறவர்களையும் எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை தூரம் பறந்து வந்தது அதற்கா? கூட்டத்தில் இரட்டை ஸ்ட்ரோலரைக் கண்மண் தெரியாமல் ஓட்டி என் கணுக்காலில் இடித்தவர் மேலும் கோபம்தான். அது தள்ளினவர் மேல். உள்ளே இருந்த பிள்ளை என்ன செய்யும்?

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் வண்டிப் பக்கமே அவன் போகவில்லை. தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு, முறுக்கு டப்பா எல்லாம் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தன. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு ரைடு ஆனதும் நடை தளர்ந்தது. என் முந்தானையைப் பிடித்தான். பிறகு மெதுவாக, "ஆச்சி, கொஞ்ச நேரம் உக்காரட்டுமா?" என்றான். அப்பாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டான். உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான். எதிரே அவன் வயதுப் பையன் ஒருவன் நடந்து வந்தபோது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டான். களைப்பு அவனுக்கு இயற்கையாக வந்தது. வெட்கத்தை நாம் கொடுத்திருந்தோம், முந்தின இரவு கூடத்தில் நடந்த பேச்சில். அதைக் கவனித்தது என் மகன்தான். ஒன்றும் சொல்லாமல் மருமகளிடமிருந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டான்.

நாள் ஏன் அவ்வளவு நீளமாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. குழந்தையைக் கேட்டால் நாலு ரைடு, ஒரு ஐஸ்கிரீம், பிறகு தங்கும் விடுதி நீச்சல் குளம் என்று பகல் இரண்டு மணிக்குள் திருப்தியாகிவிடும். ஒரு நாள் டிக்கெட் தலைக்கு நூறு டாலருக்கு மேல். நாம்தான் அதை மனசுக்குள் ரூபாயாக மாற்றிக்கொண்டே, கொடுத்த காசுக்கு வாணவேடிக்கைவரை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவது என்று நிற்கிறோம். வால்ட் டிஸ்னி லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பார்க்கில் மகள்கள் குடைராட்டினம் சுற்றும்போது பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார். 1955-இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் வந்தது. இன்றைய பெற்றோரைப் பாருங்கள். எந்த ரைடுக்கு எத்தனை மணி என்று போனைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள், பிள்ளை பின்னால் இழுபடுகிறது. நிகழ்ச்சி நிரல் பெரியவர்களுடையது. அதை நிறைவேற்றும் கால்கள் பிள்ளையுடையவை. அப்படியானால் சக்கரத்துக்கு ஆகும் வாடகையைக் கொடுப்பதுதான் நியாயம்.

மடக்கி எடுத்துப்போகும் இந்த ஸ்ட்ரோலரே ஒரு தாத்தாவின் வேலை என்பது பலருக்குத் தெரியாது. ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேய விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை பார்த்தவர். மாஸ்கோவிலிருந்து வந்த மகள் கனமான குழந்தை வண்டியோடு பட்ட பாட்டைப் பார்த்து, 1965-இல் அலுமினியக் குழாய்களால் குடை மாதிரி மடங்குகிற வண்டியை வடிவமைத்தார். பயணத்தில் களைத்தவர்களுக்காகப் பிறந்த பொருள் அது. பிள்ளைக்கு எத்தனை வயது என்று அதற்குத் தெரியாது.

பேரன் பேத்தியோடு அங்கே கிளம்புகிறவர்களுக்கு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அறை பக்கத்தில் இருந்து, மதியம் திரும்பிவந்து தூங்கி எழுந்து சாயங்காலம் மறுபடி போக முடியுமானால், ஐந்து வயதுக்குமேல் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்ட்ரோலர் வேண்டாம். காலை முதல் வாணவேடிக்கைவரை ஒரே மூச்சு என்று முடிவு செய்துவிட்டீர்களானால் எட்டு வயதுவரை கூச்சப்படாமல் எடுங்கள். பூங்காவின் சொந்த வண்டியை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். கார் வரைக்கும் போகிற கடைசி நடைக்கு, பிள்ளை தூங்கி விழுகிற அந்த நேரத்துக்கு, அது உதவாது. வெளியில் வாடகைக்கு எடுத்தால் கூடவே வரும். ஆனால் 79 சென்டிமீட்டர் அகலம், 132 சென்டிமீட்டர் நீளத்துக்குள் இருக்க வேண்டும். 2019 மே மாதத்திலிருந்து வேகன் வகை வண்டிகளை உள்ளே விடுவதில்லை. கைப்பிடியில் அடையாளத்துக்குப் பளிச்சென்று ஏதாவது கட்டுங்கள். வண்டி எதற்கு என்ற விவாதத்தை மட்டும் பிள்ளை காதில் விழும்படி நடத்தாதீர்கள்.