பிள்ளையின் மதிப்பெண்ணும் தகப்பனாரின் சான்றும்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு நடைபெறுகிறது. மத்திய அரசு 2008-ல் தொடங்கிய திட்டம் இது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிப்பவர்கள் எழுதலாம். தேர்வு பெற்றவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் வீதம் கிடைக்கும். தமிழ்நாட்டுக்குரிய இடங்கள் 6,695. பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை.

இந்த நிபந்தனையில்தான் நம்மில் சிலர் சறுக்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து மாதந்தோறும் பணம் வரும். கடைவீதியிலிருந்து வாடகையும் வரும். வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் அவையெல்லாம் மறைந்துவிடும். கேட்டால், "பிள்ளை சொந்த அறிவால்தானே தேறினான்? அரசாங்கப் பணம்தானே, யாருக்கு நஷ்டம்?" என்கிறார்கள்.

மதிப்பெண் பிள்ளையுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இத்தொகை மதிப்பெண்ணுக்காக மட்டும் தரப்படும் பரிசன்று. பணமில்லாமல் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிடக்கூடிய பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைப்பதற்காகவே தரப்படுகிறது. இடங்களுக்கோ ஓர் எண்ணிக்கை உண்டு. வசதியுள்ளவரின் பிள்ளை ஓர் இடத்தைப் பெற்றுவிட்டால், பட்டியலில் அடுத்து நின்ற ஏழைப் பிள்ளை வெளியே நிற்கிறது. அது நம் சங்கரன்கோவிலில் விசைத்தறியில் இரவும் பகலும் நிற்கும் ஒரு தொழிலாளியின் மகளாகவும் இருக்கலாம். அவள் முஸ்லிமாயினும் பிற சமயத்தவளாயினும் ஹக்கு ஹக்குத்தான். நஷ்டம் யாருக்கு என்று இப்போது சொல்லுங்கள்!

அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் அல்முதஃப்பிஃபீன் என்ற அத்தியாயம் உண்டு. தராசு பிடிக்கும் வியாபாரிக்கு மட்டுமா அந்த எச்சரிக்கை? சம்பந்தம் பேசும் வீட்டில் ஒரு வருமானமும், கிராம நிர்வாக அலுவலரிடம் வேறொரு வருமானமும் சொல்பவரின் கையிலும் இரண்டு படிகள் இருக்கின்றனவே! பொய்ச்சாட்சியத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெரும் பாவங்களில் ஒன்றாக எண்ணியிருப்பதை நாம் மறக்கலாமா?

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். எட்டாம் வகுப்பென்பது பிள்ளை பாலிகாகும் பருவம். நன்மையும் தீமையும் தன் கணக்கில் எழுதப்படத் தொடங்கும் அவ்வயதில், தன் கையாலேயே பொய்ச் சான்றை ஆசிரியரிடம் கொடுக்கிறது. வீட்டு நிலைமை அதற்குத் தெரியாதா? 'தேர்வில் காப்பி அடிக்காதே' என்று அதற்கு உபதேசம் செய்ய அந்தத் தகப்பனாருக்கு இனி எப்படி வாய் வரும்?

வசதியுள்ளவர், தேர்வுக்குரிய புத்தகங்களை வாங்கி, தம் பிள்ளையோடு பக்கத்து வீட்டு ஏழைப் பிள்ளையையும் உட்கார வைத்துப் படிக்கச் செய்யட்டும். அறிவும் வளரும், நன்மையும் சேரும். உண்மையிலேயே வருமானம் குறைந்தவர் கூச்சமின்றி விண்ணப்பிக்கட்டும். அது அவருடைய ஹக்கு. தகுதியின்றி ஏற்கெனவே பெற்று வருபவர், 'தௌபா செய்துவிட்டேன்' என்று நாவால் சொல்வதோடு நின்றுவிட முடியாது. மனிதர்களின் ஹக்கில் பொருளைத் திருப்பித் தருவதும் தௌபாவின் நிபந்தனையாகும். தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொல்லி, வருவதை நிறுத்தி, வாங்கியதைத் திருப்பிச் செலுத்த வழி கேட்கட்டும். நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்தாலும் 48,000 ரூபாய்தான். மஹ்ஷரில் அந்த ஏழைப் பிள்ளைக்குப் பதில் சொல்வதைவிட இது எளிது.

ஹலாலான உணவையும் பயனுள்ள கல்வியையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹுத்தஆலா தந்தருள்வானாக! ஆமீன்.