இருபத்தொரு வயதுக்குப் பிறகு

2022 மே 23. ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி தொடங்கிய நாள். இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய ஆட்டத்தின் ஒன்பதாவது நிமிடத்தில் இந்தியாவுக்காக ஒரு கோல் விழுந்தது. அடித்தவர் எஸ். கார்த்தி. மூத்தோர் அணியில் அவருக்கு அதுவே முதல் போட்டி. பிறந்த ஊர் அரியலூர் என்றாலும், ஆட்டக்காரராக அவரை ஆளாக்கியது தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் அதே இந்திய அணியில் இருந்தார்.

அதே மே மாதத்தில் கோவில்பட்டியிலும் ஒரு பெரிய போட்டி நடந்துகொண்டிருந்தது. அது ஹாக்கி இந்தியாவின் 12-ஆவது ஜூனியர் ஆடவர் தேசியச் சாம்பியன்ஷிப். அதற்கு முந்தைய போட்டியும் 2021 டிசம்பரில் இதே ஊரில்தான் நடந்திருந்தது. பஞ்சாப், ஹரியானா, ஒடிசா, உத்தரப் பிரதேசம் என்று ஹாக்கி மாநிலங்களின் பையன்கள் கரிசல் வெயிலில் செயற்கைப் புல்தரையில் ஓடினார்கள். கோப்பையை யார் வென்றார் என்பது மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடும். அந்தப் பையன்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற செய்தி எங்கேயும் வருவதில்லை. ஆனால் ஒரு ஜூனியர் போட்டியின் உண்மையான மதிப்பெண் அந்தப் பிந்தைய செய்தியில்தான் இருக்கிறது.

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவருக்கு உள்ளே முத்து கிடைக்கலாம், வெறும் ஓடாகவும் போகலாம். ஜூனியர் அணிகளையும் நாம் பெரும்பாலும் இப்படித்தான் பார்க்கிறோம். திறமை உள்ளே இருந்தால் ஒருநாள் வெளியே வந்துவிடும் என்று நம்புகிறோம். ஆனால் சிப்பி கடலைவிட்டு வரும்போதே முத்து விளைந்து முடிந்திருக்கும். இருபது வயதுப் பையன் அப்படி இல்லை. அவனுக்குள் இருப்பது இனிமேல்தான் விளைய வேண்டும். எப்படி விளையும் என்பதை அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவனைச் சுற்றி இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

இதை விளங்கிக்கொள்ள, இந்தியா வென்ற இரண்டு ஜூனியர் உலகக் கோப்பைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கான இந்தக் கோப்பை 1979-இல் பிரான்சின் வெர்சாயில் தொடங்கியது. முதல் கோப்பை பாகிஸ்தானுக்குப் போனது. 1997-இல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் இந்தியா இறுதி ஆட்டம்வரை வந்து ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. 2001-இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில், ராஜிந்தர் சிங்கின் பயிற்சியில், இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவை 6-1 என்று வென்று முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. ககன் அஜித் சிங், தீபக் தாக்கூர், அர்ஜுன் ஹாலப்பா, ஜுக்ராஜ் சிங் ஆகிய பெயர்களை ஹாக்கி ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்திய ஹாக்கிக்கு விடிவு வந்துவிட்டது என்று நாடே நம்பியது.

அடுத்து நடந்தது வேறு. பெனால்டி கார்னர் நிபுணரான ஜுக்ராஜ் சிங் 2003-இல் கார் விபத்தில் பலத்த காயமடைந்தார். அவரால் பழைய வேகத்துக்குத் திரும்ப முடியவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது மூத்தோர் அணிப் பொறுப்பிலிருந்து ராஜிந்தர் சிங் நீக்கப்பட்டு, ஜெர்மானியரான கெர்ஹார்ட் ராக் பயிற்சியாளராக வந்தார். இந்தியா ஏழாம் இடம் பிடித்தது. 2008-இல் சிலியின் சாண்டியாகோவில் நடந்த தகுதிப் போட்டியில் பிரிட்டனிடம் தோற்று, எண்பது ஆண்டுகளில் முதன்முறையாக ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவே இல்லாத நிலை வந்தது. ஹோபார்ட் பையன்கள் இருபத்தாறு, இருபத்தேழு வயதில் உச்சத்தில் இருந்திருக்க வேண்டிய ஆண்டு அது.

இரண்டாவது கோப்பை 2016 டிசம்பர் 18 அன்று லக்னோவில் வந்தது. ஹரேந்திர சிங்கின் பயிற்சியில், ஹர்ஜீத் சிங் தலைமையில், பெல்ஜியத்தை 2-1 என்று இந்தியா வென்றது. குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜீத் சிங் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று, நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் பதக்கம் பெற்றபோது, அந்தப் பதக்க அணியில் லக்னோ பையன்கள் ஏழு பேர் இருந்தார்கள்: ஹர்மன்பிரீத், மன்தீப், குர்ஜந்த், சிம்ரன்ஜீத், நீலகண்ட சர்மா, சுமித், வருண் குமார். முந்தைய பதக்கமான 1980 மாஸ்கோ தங்கத்தை வென்ற அணிக்குத் தலைவர் நம் தமிழ்நாட்டு வி. பாஸ்கரன் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு நல்ல ஜூனியர் அணியிலிருந்து எத்தனை பேர் மேலே வரலாம்? பனி ஹாக்கியில் ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. 2005 ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப்பில் ரஷ்யாவை 6-1 என்று வென்ற கனடா அணி, அந்த நாட்டின் மிகச் சிறந்த ஜூனியர் அணிகளில் ஒன்று என்று இன்றும் பேசப்படுகிறது. அதிலிருந்து 2010 வான்கூவர் ஒலிம்பிக் தங்கம் வரை வந்தவர்களும், இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோல் அடித்த சிட்னி கிராஸ்பி உட்பட, ஏழு பேர்தான். பனி ஹாக்கியே உயிர்மூச்சான ஒரு நாட்டில், அபூர்வமான ஓர் அணியில் இதுதான் கணக்கு. ஆகவே லக்னோவின் ஏழு சாதாரண எண் அல்ல. மற்றவர்கள் வராமல் போனதை அவர்களுடைய தோல்வி என்று சொல்வதும் நியாயமில்லை.

ஏன் எல்லோரும் வருவதில்லை? முதல் காரணம் எளிய கணக்கு. ஜூனியர் அணி ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது. மூத்தோர் அணி அப்படிக் கலைவதில்லை. ஒலிம்பிக் அணியில் பதினாறு இடங்கள். அதற்கு மூன்று தலைமுறை ஆட்டக்காரர்கள் ஒரே நேரத்தில் போட்டியிடுகிறார்கள். கோல்கீப்பர் இடம் இன்னும் குறுகல். பி.ஆர். ஸ்ரீஜேஷ் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை கோல் முன்னால் நின்றார். லக்னோ அணியில் இருந்த கிருஷன் பாதக் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் மாற்று கோல்கீப்பராகவே போய்வந்தார். அவரிடம் குறை எதுவும் இல்லை, முன்னால் நின்றவர் அவ்வளவு பெரிய ஆள். லக்னோவில் கோப்பையை வாங்கிய தலைவர் ஹர்ஜீத்துக்கும் ஒலிம்பிக் வாய்ப்பு கிடைக்கவில்லை.

இரண்டாவது காரணம் உடம்பு. 1997 ஜூனியர் உலகக் கோப்பையில் உலகமே திரும்பிப் பார்த்த ராஜீவ் மிஸ்ரா, அடுத்த ஆண்டே பயிற்சி முகாமில் முழங்கால் காயப்பட்டார். அத்தோடு ஒரு பெரிய வாழ்க்கை நின்றுபோனது.

மூன்றாவது, காலம். ஹாக்கியின் நுட்பங்கள் உடம்பில் படியப் பல ஆண்டுகள் ஆகும். பெனால்டி கார்னரில் நடப்பதைக் கிட்டத்தில் பாருங்கள். கோலுக்குப் பக்கத்தில் பின்கோட்டிலிருந்து பந்து தள்ளப்படுகிறது. வட்டத்தின் விளிம்பில் ஒருவர் அதை நிறுத்துகிறார். டிராக் ஃபிளிக் அடிப்பவர் நீளமான எட்டுகளில் ஓடிவந்து, உடம்பைத் தரையோடு தாழ்த்தி, மட்டையின் வளைவில் பந்தை ஒட்டவைத்து இழுத்துக்கொண்டே போகிறார். கடைசி நொடியில் இடுப்பும் தோளும் மணிக்கட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்ப, கவணிலிருந்து கல் விடுபடுவதைப் போல் பந்து பாய்கிறது. எதிரணியினர் கோட்டிலிருந்து பாய்ந்து வருவதற்குள் இத்தனையும் முடிந்தாக வேண்டும். முன்காலும் இடுப்பும் ஒவ்வொரு முறையும் முழு பாரத்தைத் தாங்குகின்றன. லக்னோவில் ஜூனியராக இருந்த ஹர்மன்பிரீத் 2024 பாரிஸில் அணித்தலைவராகப் பத்து கோல்கள் அடித்தார். நடுவில் ஓடிய எட்டு ஆண்டுகளில் நாள்தோறும் நடந்த பயிற்சியை ஒரு பையனால் தன் சொந்தச் செலவில் செய்துகொள்ள முடியாது. முகாம், சம்பளம், உணவு, மருத்துவர், நல்ல தரை அத்தனையும் வேண்டும்.

லக்னோ பையன்களுக்கு அது கிடைத்தது. 2017-க்கும் 2019-க்கும் இடையில் தலைமைப் பயிற்சியாளர்கள் பலமுறை மாறினாலும், பெங்களூரு தேசிய முகாம் நிற்கவில்லை. 2018 முதல் ஒடிசா அரசு தேசிய அணியின் செலவைத் தோளில் சுமந்தது. சிம்ரன்ஜீத்தும் வருணும் டோக்கியோவுக்கு முதலில் மாற்று வீரர்களாகத்தான் தேர்வானார்கள். கொரோனாவால் விதி தளர்ந்து களமிறங்கும் வாய்ப்பு வந்தது. வெண்கலப் பதக்க ஆட்டத்தில் சிம்ரன்ஜீத் இரண்டு கோல் அடித்தார். பதினாறு பேரில் இடமில்லாத ஒருவரையும் பயிற்சியில் விடாமல் வைத்திருந்ததற்குக் கிடைத்த பலன் அது. ஹோபார்ட் பையன்களிடம் திறமை குறைவாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர்களைத் தாங்கிப் பிடிக்க இப்படி ஓர் ஏற்பாடு அன்று இல்லை.

இப்போது கோவில்பட்டிக்குத் திரும்புவோம். தீப்பெட்டிக்கும் பஞ்சாலைக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்போன இந்த ஊரில் ஹாக்கி பல தலைமுறைகளாக வேரூன்றியிருக்கிறது. இங்கே ஆட்டத்தை நிலைநிறுத்தும் தூண்கள் இரண்டு. ஒன்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு விளையாட்டு விடுதி. சாப்பாடு, படிப்பு, பயிற்சி மூன்றும் ஓரிடத்தில் கிடைப்பதால்தான் அரியலூர்ப் பையன் ஒருவன் இங்கே வந்து தங்கி ஆட முடிந்தது. இன்னொன்று, லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி. கோடை விடுமுறைக் காலத்தில் ரயில்வே, வங்கி, ராணுவம், பெட்ரோலிய நிறுவனம் என்று நாட்டின் பெரிய துறை அணிகள் இந்த ஊருக்கு வந்து ஆடுகின்றன.

இந்தப் போட்டியின் பயன் ஆட்ட நுட்பத்தோடு நிற்பதில்லை. பந்து பொறுக்கிக் கொடுக்கும் பையனின் கண்முன்னால் ஆடுகிறவர்களில் பலர் அரசு வேலையில் இருப்பவர்கள். மட்டை பிடித்தவனுக்கு மாதச் சம்பளம் வரும் என்பதை அவன் அங்கே நேரில் பார்க்கிறான். கூட வந்திருக்கும் தகப்பனாரும் பார்க்கிறார். இந்தியாவுக்கு ஆடாவிட்டாலும் ரயில்வேயிலோ காவல்துறையிலோ இடம் உண்டு, பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பு படிக்கலாம், பள்ளியில் பி.டி. வாத்தியாராகலாம் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், எளிய வீட்டில் ஒரு பையனைப் பதினெட்டு வயதுக்குமேல் மைதானத்துக்கு அனுப்ப மாட்டார்கள். உச்சிக்குப் போகும் ஒருவர் உருவாக, நடுவழியில் நிற்பவர்களுக்கும் மரியாதையான வாழ்க்கை இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டை நான் அந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறேன்.

கார்த்தியும் மாரீஸ்வரனும் இன்னொரு பாடமும் சொல்கிறார்கள். 2021 இறுதியில் புவனேஸ்வரில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக்கான இந்திய அணியில் இருவருமே இல்லை. ஆறே மாதத்தில் இருவரும் மூத்தோர் அணிச் சட்டை அணிந்தார்கள். ஜகார்த்தாவுக்கு இளம் அணியை அனுப்ப முடிவானது, கதவு திறந்தது, இவர்கள் தயாராக இருந்தார்கள். அந்த அணி வெண்கலம் வென்றது. 2023 ஆகஸ்டில் சென்னை ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் சொந்த மண்ணின் ரசிகர்கள் முன்னால் மலேசியாவுக்கும் ஜப்பானுக்கும் எதிராகக் கார்த்தி கோல் அடித்தார். இந்தியா கோப்பையை வென்றது. ஜூனியர் தேர்வில் பெயர் வராத அன்றே ஒரு பையனைக் கைகழுவிவிட்டால் என்ன இழப்போம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. இருபத்து நான்கு அணிகள் ஆடின. ஜெர்மனி ஸ்பெயினை ஷூட் அவுட்டில் வென்று பட்டம் பெற்றது. ஸ்ரீஜேஷ் பயிற்சி தந்த இந்திய அணி, அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் அடித்து வெண்கலம் வென்றது. மதுரையில் புதிய மைதானமும் எழுந்தது. கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு அது எட்டும் தூரம்தான்.

இனி நம் வேலை இருக்கிறது. பத்தொன்பதிலிருந்து இருபத்து மூன்று வயது வரை ஒரு பையன் விடுதியைவிட்டு வெளியே வருவான், கல்லூரி முடியும், வீட்டில் சம்பளம் எதிர்பார்ப்பார்கள். அந்த நான்கு ஆண்டுகளில்தான் பெரும்பாலானோர் மட்டையைக் கீழே வைக்கிறார்கள். அந்த வயதுக்கு உதவித்தொகையும் ஆடுவதற்குத் துறை அணிகளும் காயத்துக்கு நல்ல மருத்துவமும் மாவட்ட அளவிலேயே வேண்டும். ஒவ்வொரு ஜூனியர் அணிக்கும் ஒரு பதிவேடு வைத்து, ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். இந்தியாவுக்கு ஆடியவர், வேலைக்குப் போனவர், பயிற்சியாளரானவர், காயத்தால் விலகியவர் எல்லோர் பெயரும் அதில் இருக்கட்டும். அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தொடங்கினால், அடுத்த தேர்வை எப்படி நடத்துவது, பணத்தை எந்த வயதில் செலவிடுவது என்பதெல்லாம் தானாகவே விளங்கும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் 2032 பிரிஸ்பேனுக்கும் போகவேண்டிய பிள்ளைகள் இன்று நம் மைதானங்களில் இருக்கிறார்கள். அவர்களை இருபத்தொரு வயதுக்குப் பிறகும் ஆட வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.